குளிர்காலத்தில் மட்டும் ஓடும் கேசட்

மியூசியத்தில் நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் நித்யா. சென்னைப் பெண், கெட்டிக்காரி, என்னைவிட நாலு மடங்கு வேகம். போன ஜூலையில் ஒரு நாள் மத்தியானம் போன் செய்தாள்.

"ஆண்ட்டி, பிஸியா? ஒரு சின்ன டவுட். லெனாபே ரூம் ஃபைல்ல ஒரு கார்டு இருக்கு. டோரதின்னு ஒருத்தங்க கதை சொல்ற கேசட்டைப் பத்தி. மண்ணு உறைஞ்சிருக்கிற மாசங்கள்ல மட்டும்தான் ப்ளே பண்ணணும்னு பென்சில்ல எழுதியிருக்கு. இங்க யாருக்கும் ஏன்னே தெரியல. நாங்க எல்லாத்தையும் வெப்சைட்ல போடப்போறோம், ஸ்கூல்ஸ் எப்ப வேணா கேட்டுக்கலாம். அந்த ரூலை ரிமூவ் பண்ணிடட்டுமா?"

"பண்ணாதே" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

"ஏன் ஆண்ட்டி?"

"போன்ல சொல்ற விஷயம் இல்லம்மா. எழுதித் தர்றேன். அதுவரைக்கும் அந்தக் கார்டைத் தொடாதே."

அவளுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது. என் தப்பைப் பற்றியது என்பதால் இத்தனை வருஷம் எழுதாமலே தட்டிக் கழித்துவிட்டேன்.

தென்காசியில் பதினோரு வருஷம் ஹிஸ்டரி டீச்சராக இருந்துவிட்டு, 1990இல் என் வீட்டுக்காரரின் கம்ப்யூட்டர் வேலைக்காக அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் எடிசனுக்கு வந்தேன். வேலைக்குப் போக விசா விடவில்லை. சும்மா உட்கார என் சுபாவம் விடவில்லை. பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சின்ன மியூசியம் இருந்தது. வாலண்டியர் தேவை என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். உள்ளே போய், எனக்கு அமெரிக்க வரலாறு தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "நல்லது. மறக்க வேண்டியது குறைவு" என்றார் கல்விப் பிரிவின் தலைவி மார்த்தா. க்ரீன் கார்டு வந்ததும் அந்த இடத்திலேயே சம்பளத்துக்குச் சேர்ந்தேன். வேலை இதுதான்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஃபீல்ட் ட்ரிப் வரும்போது அவர்களுக்குச் சொல்ல வேண்டியதைத் தயாரிப்பது.

முக்கியமாக லெனாபே அறை. லெனாபேக்கள் என்றால் நியூ ஜெர்சியின் பூர்வகுடிகள். ஐரோப்பியர்கள் வருவதற்கு முன்பு இங்கே வாழ்ந்தவர்கள், இப்போதும் வாழ்கிறவர்கள். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுவதுதான் எல்லோருக்கும் வழக்கம். எங்கள் மியூசியமும் விட்டிருந்தது. இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் சாமான் வாங்கப் போனால், தெரிந்தவர்கள் யாராவது, "இண்டியனே இண்டியனைப் பத்திப் பாடம் எடுக்கிறீங்களாமே" என்று சிரிப்பார்கள். முதல் பத்து தடவை நானும் சிரித்தேன். அப்புறம் முறைக்கப் பழகிக்கொண்டேன்.

மார்த்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறடி உயரம், ரப்பர் அடி வைத்த ஷூ, காதோரத்தில் எப்போதும் ஒரு பென்சில். மியூசியத்துக்குள் பேனா கூடாது. அரும்பொருளின் மேல் மை பட்டால் போகாது. வழிகாட்டிகள் பேச வேண்டியதை எல்லாம் அட்டைக் கார்டுகளில் எழுதி வைத்திருப்போம், ஒரு வரிக்கு ஒரு வாக்கியம். கார்டின் வலது ஓரத்தில் ஓர் அங்குலம் விட்டுக் கோடு போட்டிருப்பார். அந்த ஓரத்தில், அந்த வாக்கியத்தை நமக்குச் சொன்னது யார் என்று எழுத வேண்டும். பத்திரமா, கடிதமா, மனிதரா? ஆளின் பெயர் இல்லாத வாக்கியம் கார்டில் இருக்கக் கூடாது.

மியூசியத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் நீள மேஜையில் எதிரெதிரே உட்காருவோம். அவர் ஒவ்வொரு வாக்கியமாக உரக்க வாசிப்பார். "லெனாபேக்கள் மேற்கே போய்விட்டார்கள். யார் சொன்னது?" புத்தகம் என்பேன். "புத்தகத்துக்கு யார் சொன்னது?" எனக்குத் தெரியாது. அழிப்பானால் தேய்ப்பார், தூளை உள்ளங்கையில் கூட்டிக் குப்பைக் கூடையில் போடுவார். அவசரமே கிடையாது. யார் மேலும் குற்றம் சொல்கிற தொனியும் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் நடத்திய பாடங்களை நினைத்து அந்த மேஜையில் எத்தனையோ முறை கூசியிருக்கிறேன். லெனாபே அறைக்கு நாற்பது கார்டு இருந்தது. மூன்று திங்கட்கிழமைகளில் பதினொன்றாகிவிட்டது.

அறையின் நடுவில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெழுகுக் குடும்பம் இருந்தது. மரப்பட்டைக் குடிசை, அப்பா, அம்மா, கைக்குழந்தை, பொய் நெருப்பு. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு மார்த்தாவிடமே கேட்டாள், இவர்கள் எல்லாம் எப்போது செத்துப்போனார்கள் என்று. மார்த்தா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் நியூ ஜெர்சியின் தெற்கே இருக்கிற லெனாபே குடும்பங்களுக்குக் கடிதம் எழுதினார். நாலு மாதம் பதில் இல்லை. பிறகு ஒரு வரியில் ஒரு பதில் வந்தது: முதலில் உங்கள் அறையைப் பார்க்க வேண்டும்.

வந்தவர்தான் டோரதி. ஐம்பதை ஒட்டிய வயது. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. லீவு போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார். மெழுகுக் குடும்பத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் என் காதில் தங்கியிருப்பது இப்படித்தான்:

"இந்த அம்மா ஜாடையில எங்க வீட்டுல யாரும் இல்ல."

காபி குடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "நான் நாலாம் கிளாஸ் படிக்கும்போது டீச்சர் சொன்னாங்க, லெனாபேன்னு இப்ப யாரும் இல்லைன்னு. நான் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். கை தூக்கினேன். கையைக் கீழ போடுன்னாங்க."

நானும் டீச்சராக இருந்தவள். எத்தனை கைகளைக் கீழே போடச் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. காபியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷ முடிவுக்குள் டோரதி ஆறு தடவை வந்தார். எங்கள் கார்டுகளின் வலது ஓரத்தில் முதல்முறையாக உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் பெயர் ஏறியது. அவருக்குத் தெரிந்த பழங்கதைகள் மூன்று உண்டு என்றும் சொன்னார். பிள்ளைகள் அவர் குரலிலேயே அதைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை பற்றிக்கொண்டது. பதிவு செய்யலாமா என்று கேட்டேன். யோசிக்க ஒரு வாரம் கேட்டார். பிறகு சரி என்றார். ஆனால் ஜனவரியில் வாருங்கள் என்றார்.

1997 ஜனவரியில் போனேன். அவர் வீட்டுச் சமையலறையில், மேஜைமேல் டேப் ரெக்கார்டர். வெளியே மண் கல்லாக இறுகியிருந்தது. பட்டனை அழுத்துவதற்கு முன்னால் சொன்னார்:

"இந்தக் கதையெல்லாம் மண்ணு உறைஞ்சு கிடக்கும்போது மட்டும்தான் சொல்லுவோம். கோடையில சொன்னா பூச்சி வந்து கடிக்கும்பாங்க. கதையில வர்ற ஜீவன்கள் எல்லாம் அப்ப முழிச்சுக்கிட்டு இருக்கும், அவங்களைப் பத்தி அவங்க காதுபடப் பேசக் கூடாது. சிரிப்பா இருக்கலாம் உங்களுக்கு."

"இல்லவே இல்லை" என்றேன். பொய் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபிறகு ஊசி என்று சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான்.

"எங்ககிட்டேருந்து நிறையப் போயிடுச்சு. எதை எப்போ சொல்லணுங்கிறது மட்டும் இன்னும் எங்க கையில இருக்கு" என்றார். அதையும் கேட்டுக்கொண்டேன். மூன்று கதைகளும் பதிவாயின. கேசட்டை மியூசியம் வைத்துக்கொள்ளச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

இனி என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடங்கள் ஃபீல்ட் ட்ரிப் வருவது மே, ஜூனில்தான். ஜனவரியில் பனி, பஸ் ஓடாது, மியூசியத்தில் ஈ காக்கை இருக்காது. கேட்க வேண்டிய பிள்ளைகள் ஒரு காலத்தில், சொல்லத் தகுந்த காலம் வேறொன்று. இந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கைவசம் ஒரு வழி இருந்தது. அது என் பிறந்த வீட்டு வழி.

பரஸ்தானம் என்று சொல்வோம். பயணம் கிளம்பும் நாளில் ராகுகாலமோ சூலமோ குறுக்கிட்டால், முந்தைய நாள் நல்ல நேரத்தில் ஒரு வேட்டியும் துண்டும் மஞ்சப்பையில் வைத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார் என் அப்பா. பை நல்ல நேரத்தில் வாசலைத் தாண்டிவிட்டது. ஆகவே பயணம் தொடங்கிவிட்டது. ஆள் எப்போது கிளம்பினாலும் தோஷமில்லை. நான் அமெரிக்காவுக்குக் கிளம்பியதும் அப்படித்தான். என் சூட்கேஸ் ஒரு ராத்திரி எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டில் இருந்தது.

கதை ஜனவரியில் டோரதியின் வாயை விட்டு வெளியே வந்துவிட்டது. சொன்னது குளிர்காலத்தில். கேசட் வெறும் பை. பை மே மாதம் ஊர்போய்ச் சேர்ந்தால் என்ன? எனக்கு இது அவ்வளவு நியாயமாகப் பட்டது. டோரதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்குள் இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கார்டு எழுதினேன். "ஜனவரியில் பதிவானது. ஆகவே வருஷம் முழுவதும் ஒலிக்கலாம்." வலது ஓரத்தில் யார் சொன்னது என்ற இடத்தில் டோரதி என்று எழுதினேன்.

பென்சிலை எடுத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது, நினைவிருக்கிறது. மார்த்தா அந்தத் திங்கட்கிழமை கார்டை வாசித்தார், ஓரத்தைப் பார்த்தார், தலையாட்டினார், அடுத்த கார்டுக்குப் போனார். அவர் ஓரத்தை நம்பினார்.

மே மாதம் மூன்று வாரம் கேசட் ஓடியது. இதையும் மறைக்காமல் சொல்கிறேன், அந்த மூன்று வாரமும் நான் ஆகாயத்தில் நடந்தேன். கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்டார்கள், இந்த ஆண்ட்டி எங்கே இருக்கிறார்கள் என்று. இரண்டு மணி நேர தூரம், ஆஸ்பத்திரியில் வேலை, சிவப்புக் கார் ஓட்டுவார் என்பேன். ஒரு டீச்சர் வகுப்பு மொத்தத்தையும் டோரதிக்குக் கடிதம் எழுத வைத்தார். எல்லாக் கடிதத்திலும் படம். ஒரு படத்தில்கூட இறகுத் தொப்பி இல்லை. லேப் கோட்டும் சிவப்புக் காருமாக டோரதியை வரைந்திருந்தார்கள். நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் இதுதான் பலன் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டாகக் கட்டி டோரதிக்கு அனுப்பிவைத்தேன்.

ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும், டீச்சர் பழக்கியிருந்தபடி, பிள்ளைகள் தேதி போட்டிருந்தார்கள். தேதிக்குக் கீழே, "இன்று உங்கள் கதையைக் கேட்டோம்."

ஒரு வாரம் கழித்து ஆபீஸுக்கு போன் வந்தது.

"இது எல்லாம் மே மாசக் கடிதம்" என்றார் டோரதி.

"ஆமாம்."

"நீங்க என் சமையலறையில உட்கார்ந்திருந்தீங்க. நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சு."

"விழுந்துச்சு."

அவர் திட்டவில்லை. "கேசட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கார்டை எடுத்துக்கொண்டு மார்த்தாவின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கார்டை வாங்கினார். டோரதி என்ற பெயரை அழிப்பானால் தேய்த்தார். வழக்கம்போல மெதுவாக, தூளை உள்ளங்கையில் கூட்டி.

"யார் சொன்னது?" என்றார்.

"நான்தான்."

பென்சிலை நீட்டினார். வலது ஓரத்தில் கோமதி என்று என் பெயரை எழுதினேன். இத்தனை வருஷ வேலையில் என் பெயரை அந்த ஓரத்தில் எழுதியது அந்த ஒரு தடவைதான். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். "கேசட்டை நீயே கொண்டுபோய்க் கொடு. தபாலில் வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அடுத்த வருஷத்துக்கு ஏராளமான வகுப்புகள் அந்தக் கேசட்டுக்காகவே பதிவு செய்திருந்தன. மியூசியக் குழுவின் தலைவர், கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறதே, சட்டப்படி கேசட் நம்முடையது என்றார். கேசட் இல்லாவிட்டால் அந்த அறையில் மறுபடி மெழுகுக் குடும்பம்தான் மிஞ்சும் என்றும் சொன்னார். அது உண்மையும்கூட. மார்த்தா எழுந்து நின்று, "அவர் கையெழுத்துப் போட்டது கேசட்டுக்கு, கோடைக்கு இல்லை" என்றார். கேசட்டைத் திருப்பித் தராவிட்டால் தான் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னபிறகுதான் தலைவர் இறங்கி வந்தார்.

அசல் கேசட், இரண்டு பிரதிகள், மூன்றையும் எடுத்துக்கொண்டு ஜூன் மாத வெயிலில் டர்ன்பைக் நெடுஞ்சாலையில் தனியாகத் தெற்கே ஓட்டினேன். டோரதி வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். கடிதங்களில் பிள்ளைகள் வரைந்திருந்த அதே சிவப்புக் கார். உள்ளே வரச் சொல்லவில்லை. கேசட்டுகளை வாங்கி ஈரம் படாத இடத்தில் வைத்தார். என்னைச் சுற்றிக் கொசு மொய்த்தது. அடிக்கக் கை வரவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பரஸ்தானத்தைப் பற்றியும் சொன்னேன். அப்பா, மஞ்சப்பை, தையல்காரர் வீடு எல்லாம். குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தப் பையைப் பக்கத்து வீட்டுல வைக்கும்போது அவங்களைக் கேட்டுட்டு வைப்பீங்களா, கேக்காமலா?"

"கேட்டுட்டுத்தான்."

"அப்ப உங்க ஊர்லயும் கேக்கிறதுதான் வழக்கம்" என்றார்.

குழாயைத் திறந்தார். நான் காருக்குப் போனேன். முதலில் கண்ணில் பட்ட பெட்ரோல் பங்கில் நிறுத்தி அழுது தீர்த்துவிட்டுத்தான் வீடு வந்தேன்.

லெனாபே அறையில் டேப் ரெக்கார்டரை எடுக்க மார்த்தா விடவில்லை. மூடி திறந்து, காலியாக, அங்கேயே இருந்தது. பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய அட்டை: "இந்தக் கதைகள் குளிர்காலத்துக்கு உரியவை. நாங்கள் அதை மீறினோம். கதைகளுக்கு உரியவர் அவற்றை எடுத்துச் சென்றுவிட்டார்." குழுத் தலைவர் இரண்டாவது வாக்கியத்தை எடுக்கச் சொன்னார். மார்த்தா எடுக்கவில்லை. அடுத்த மே மாதம் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, அந்த ஆண்ட்டி கோபமாக இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்டார்கள். ஆமாம் என்றேன். இவர்கள் எப்போது செத்தார்கள் என்று அதற்குப் பிறகு ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

நான் டோரதியைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகமில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பள்ளிக்கூடமாக போன் செய்து, ஃபீல்ட் ட்ரிப்பை ஜனவரிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். பனி கொட்டிப் பள்ளிக்கூடம் மூடும் ஸ்னோ டே வந்தால் என்ன செய்வது, பஸ் யார் தருவார்கள், கோட்டும் பூட்ஸுமாக நூறு பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். முதல் குளிர்காலத்தில் மூன்று பள்ளிகள் வந்தன. கேசட் இல்லாமலே வந்தார்கள். ஏன் குளிர்காலம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

1998 டிசம்பரில் ஒரு காலை, மியூசியம் திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, டோரதி உள்ளே வந்தார். நேராக லெனாபே அறைக்குப் போனார். மார்த்தாவின் அட்டையை இரண்டு முறை படித்தார். கைப்பையிலிருந்து கேசட்டை எடுத்து, காலி டேப் ரெக்கார்டருக்குள் தானே வைத்து, மூடியைச் சாத்தினார்.

"மார்ச்ல வந்து எடுத்துக்குவேன்" என்றார்.

சொன்னபடி மார்ச்சில் வந்து எடுத்துப்போனார். அடுத்த டிசம்பரில் கொண்டுவந்தார். அதற்கடுத்த வருஷமும். வரும்போதெல்லாம் என்னோடு காபி குடிப்பார். பழைய விஷயத்தை இருவரும் பேசியதில்லை.

2001 மார்ச்சில் அவர் வரவில்லை. ஏப்ரல் பிறந்து, வாசல் புல்லெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. கேசட்டை எடுத்துப் பீரோவில் பூட்டினேன். பயந்துகொண்டே போன் செய்தேன்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அங்கேயே இருக்கட்டும் கோமதி. எடுத்துப் பூட்டியிருப்பீங்கள்ல?"

"பூட்டிட்டேன்."

"அப்புறம் நான் எதுக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டிட்டு வரணும்?"

போனை வைத்துவிட்டு நீள மேஜைக்குப் போய், நித்யா கையில் இப்போது இருக்கிற அந்தக் கார்டை எழுதினேன். மண் உறைந்திருக்கும் மாதங்களில் மட்டும். வலது ஓரத்தில் டோரதி. இந்த முறை அது அவர் சொன்னது. மார்த்தா வாசித்துவிட்டு ஓரத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நித்யா, டோரதி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. அவருடைய மகள் அதே ஊரில் டீச்சராக இருக்கிறாள். நம்பர் ஃபைலின் பின்பக்கத்தில் இருக்கிறது. வெப்சைட் விஷயத்தை அவளிடம் கேள். இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தால், கட்டாயம் கேள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மூன்று கதைகளும் எனக்கு மனப்பாடம். கேசட்டில் டோரதி எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பதுகூடத் தெரியும். ஆனாலும் ஒரு வரிகூட இங்கே எழுதவில்லை. நீங்கள் இதை எந்த மாதத்தில் படிப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது.